மலைக்குத் தெரியாமல் ஒரு கலங்கல் பீர்

அக்கா பையன் பாஸ்டனிலிருந்து வந்திருந்தான். பே கோபுரத் தெரு வீட்டுக் கூடத்தில் பெட்டியைப் பிரித்துச் சாக்லேட், வைட்டமின் மாத்திரை, அவன் அப்பாவுக்கு ஷூ என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தான். கடைசியாக, நாலு டி-ஷர்ட்டுக்குள் நாலு டப்பாவைச் சுற்றி வைத்திருந்ததை எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி திருப்பிக் காட்டினான். வெள்ளியும் கறுப்புமாக உயரமான டப்பா. ஒருவன் குடித்துக்கொண்டிருக்கிறான், அவன் மண்டை திறந்து நுரை பொங்கிக்கொண்டிருக்கிறது. படம் அவ்வளவுதான்.

"மாமா, இது ஹெடி டாப்பர். இதுக்காகவே மூணு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வெர்மான்ட் போனேன்."

பீர் வாங்க மூணு மணி நேரமா என்று நான் கேட்கவில்லை. ஆரணி பிரியாணிக்காக நானே மழையில் போனவன். டப்பா ஒன்றுக்கு 473 மில்லி, நாலும் சேர்ந்தால் 1,892. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். பையன் கணக்கில் கெட்டி, எங்கள் அக்கா பிள்ளையல்லவா.

அக்கா பார்த்துவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் பல்லி கூடக் கத்தாது. திட்டவில்லை, சட்டம் மட்டும் போட்டாள். "வீட்ல சாமி ரூம் இருக்கு. மொட்டை மாடிக்குப் போனா எதிர்க்க மலை இருக்கு. மலையைப் பார்த்துக்கிட்டு இதைத் தொறக்கக் கூடாது. வேற எங்கனா போங்க."

இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சட்டத்தின் கஷ்டம் புரியும். மலை தெரியாத இடம் திருவண்ணாமலையில் எங்கே இருக்கிறது? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தெரியும், ரயில்வே கேட்டில் தெரியும், பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தால் ஜன்னல் வழியே தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலம் முழுக்க அது ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டு கூடவே வரும். ஊரை விட்டு வெளியேறியும் வெகுதூரம் பின்னால் திரும்பினால் நிற்கும். நான் பெரிய பக்திமான் கிடையாது. பௌர்ணமி கூட்டத்தைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்கிற ஜாதி. ஆனாலும் அக்கா சொன்னது எனக்கும் சரி என்றுதான் பட்டது. சில விஷயங்களுக்குக் காரணம் கேட்டால் பதில் வராது, கை மட்டும் தயங்கும்.

அதனால் செங்கத்துப் பக்கம் இருக்கிற பெரியப்பா நிலத்துக்குப் போவது என்று முடிவாயிற்று. அங்கே மோட்டார் ரூம் உண்டு, புங்க மரம் உண்டு, இரண்டு கயிற்றுக் கட்டில் உண்டு. ராத்திரி அங்கேயே படுக்கை. இந்தச் சமாச்சாரத்தைக் குடித்துவிட்டு வண்டி எடுக்க முடியாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போகிற வழி தேசிய நெடுஞ்சாலை 77. இந்தச் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. திண்டிவனத்தில் தொடங்கி செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி போகிறது. கிழக்கு முனையைத் தாண்டினால் பாண்டிச்சேரி, மேற்கு முனையைத் தாண்டினால் பெங்களூரு. குடிக்கிற கலாச்சாரம் உள்ள இரண்டு ஊருக்கும் நட்ட நடுவில் சிவன் கோயில். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு திசையிலும் பிரிந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பாண்டிக்குப் போகிறவர்கள் விலைக்காகப் போகிறார்கள், பெங்களூருக்குப் போகிறவர்கள் ருசிக்காக என்று சொல்லிக்கொள்வார்கள். இந்திரா நகரில் 2010-இல் 'டாய்ட்' திறந்ததிலிருந்து அந்த ஊரில் கடைக்குள்ளேயே அண்டா வைத்துக் காய்ச்சி ஊற்றுகிற பழக்கம் பெருகிவிட்டது. அதைத்தான் கிராஃப்ட் பீர் என்கிறார்கள். சின்ன அளவில், காய்ச்சுகிறவன் கைப்பக்குவத்தில் வருவது. ஹோட்டல் சாம்பாருக்கும் வீட்டுச் சாம்பாருக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவுக்கு 82 வயது. பல் பாதி, கண் முக்கால், காது முழுசு. மீன்காரர் வைத்திருப்பாரே, அந்த மாதிரி தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு டப்பாக்களை எடுத்துப் போயிருந்தோம். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மீன் வரும்னு பார்த்தேன்" என்றார்.

பையன் டப்பாவின் அடியைத் திருப்பி அடைத்த தேதியைக் காட்டினான். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. "இது பழசானா போச்சு தாத்தா. ஒரு மாசத்துக்குள்ள குடிச்சிடணும். ரொம்ப ஜில்லுனும் குடிக்கக் கூடாது." ஐஸிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் வெளியே வைக்கச் சொன்னான். ஏழெட்டு டிகிரியிலிருந்து பத்து டிகிரி வரை இருந்தால்தான் வாசனை வாய் திறக்குமாம். நாம் பீர் குடிக்கிற முறைக்கு இது நேர் எதிர். நம்மிடம் பாட்டில் எவ்வளவு ஜில்லென்று இருக்கிறதோ அவ்வளவு நல்ல கடை. ஜில்லிப்பு நாக்கை மரக்க வைத்துவிடும், மரத்த நாக்குக்கு எல்லாம் ஒன்றுதான். கடைக்காரருக்கும் அது சௌகரியம்.

டப்பாவிலிருந்தே குடிக்க வேண்டும் என்று அதன் விளிம்பிலேயே அச்சடித்திருக்கிறார்கள். காய்ச்சியவனின் கட்டளை. வாசனை ஓடிப் போய்விடக் கூடாது என்பது காரணம். நான் அந்தக் கட்டளையை மீறினேன். மூன்று மணி நேரம் ஓட்டி, பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்ததைக் கண்ணால் பார்க்காமல் குடிப்பதா? எனக்கும் பையனுக்கும் கண்ணாடி டம்ளர், பெரியப்பாவுக்கு எவர்சில்வர் டம்ளர்.

ஊற்றியதும் பெரியப்பா எட்டிப் பார்த்தது என் டம்ளரைத்தான்.

"இன்னாடா இது, கலங்கலா கீது? கெட்டுப் போச்சா?"

எனக்கும் அதே சந்தேகம். பீர் என்றால் தங்க நிறத்தில், பின்னால் பிடித்த விரல் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்று நாற்பது வருஷமாகக் கண் பழகியிருக்கிறது. இது மழைக்குப் பிறகு ஏரியில் மொண்ட தண்ணீருக்கும் மாம்பழச் சாற்றுக்கும் நடுவில் ஒரு நிறம். விரல் தெரியவில்லை. டம்ளருக்கு அந்தப் பக்கம் எரிந்துகொண்டிருந்த மோட்டார் ரூம் பல்பு வெறும் மஞ்சள் மூட்டமாகத் தெரிந்தது. கார்த்திகை முடிந்து மார்கழி விடியலில் மலை உச்சி ஒரு மாதிரி இருக்குமே, இருக்கிறது என்று தெரியும், விளிம்பு மட்டும் தெரியாது. அந்தக் கலங்கல்.

இதன் பெயரே 'ஹேஸி'. கலங்கல் ஐபிஏ என்று சொல்லலாம். இந்தக் கலங்கல் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குப் பையன் விளக்கினான், பிறகு நானும் தேடிப் படித்தேன். முளைகட்டிய பார்லியோடு ஓட்ஸும் கோதுமையும் சேர்க்கிறார்கள். அவற்றிலிருந்து புரதம் நிறைய வருகிறது. மறுபக்கம் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவை அள்ளி அள்ளிப் போடுகிறார்கள். அதில் துவர்ப்புச் சத்து உண்டு, வாழைப்பூவை நறுக்கினால் கையைக் கறுப்பாக்குகிற அதே இனம். புரதமும் துவர்ப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கின்றன. வழக்கமான பீரில் இதையெல்லாம் வடிகட்டி எறிந்துவிடுவார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கும், வாசனையில் கொஞ்சம் வடிகட்டியோடு போய்விடும்.

பெரியப்பா இந்த விஞ்ஞானத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. விரலால் தொட்டுத் தரையில் ஒரு சொட்டு விட்டார். பனங்கள் குடித்த தலைமுறையின் பழக்கம், முதல் சொட்டு பூமிக்கு. பிறகு மூக்கை டம்ளருக்குள் விட்டார். வெளியே எடுத்தபோது முகத்தில் சிரிப்பு.

"கிரிவலப் பாதைல சாமியார் பக்கத்துல நடந்தா வருமே ஒரு வாசனை..."

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். ஏனென்றால் அது வெறும் கிண்டலில்லை. ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பம். காய்ந்த இலையும் பிசினும் கலந்த அந்த நெடி இரண்டுக்கும் பொது. அமெரிக்காவில் இந்த பீரை வருணிக்கிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதி எட்டுகிற இடத்துக்குப் பெரியப்பா ஒரே மோப்பத்தில் போய்விட்டார். (அக்கா இதைப் படித்தால்: பெரியப்பாவுக்கு அந்த வாசனை நடந்து போனபோது தெரிந்ததுதான், வேறு ஒன்றும் இல்லை.)

எனக்கு முதலில் தெரிந்தது வேறு. மாங்காய் பறித்தவுடன் காம்பைக் கிள்ளினால் பிசுபிசுவென்று பால் வருமே, உதட்டில் பட்டால் புண்ணாகும் என்று அம்மா கத்துவாளே, அந்தப் பாலின் வாசனை. இதற்கும் காரணம் இருக்கிறது. மிர்சீன் என்றொரு வாசனை எண்ணெய் ஹாப்ஸ் பூவில் மண்டிக் கிடக்கிறது, மாங்காய்ப் பாலிலும் அது உண்டு. அதற்குப் பின்னால் கமலா ஆரஞ்சுத் தோலை நெருப்பருகே பிழிந்த மாதிரி ஒரு பொறி. அதற்கும் பின்னால் நன்றாகப் பழுத்த, நாளைக்குத் தூக்கிப் போட வேண்டிய பப்பாளி. இதில் ஒரு பழம்கூட இல்லை என்று பையன் சத்தியம் செய்தான். தண்ணீர், தானியம், பூ, ஈஸ்ட். அவ்வளவுதான்.

வாயில் வைத்தேன்.

கனம். முதலில் தெரிந்தது அந்தக் கனம்தான். பீர் என்றால் சுருக்கென்று நுரைத்து ஓடிவிடும் என்று நாக்கு தயாராக இருக்கிறது, இது வடித்த கஞ்சி மாதிரி மெத்தென்று உட்காருகிறது. லேசான தித்திப்பு, உடனே பழம், விழுங்கின பிறகுதான் கசப்பு வருகிறது. கசப்பு என்றால் பாகற்காய் இல்லை. சுண்டைக்காய் வற்றலை எண்ணெயில் பொரித்து மோர்ச்சோற்றுக்குக் கடித்தால் கடைசியில் நாக்கின் அடியில் நிற்குமே, அது. கசப்புக்கு நாம் புதியவர்கள் இல்லை. வேப்பம்பூ ரசம் வைக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இந்த பீர் பயம் காட்ட முடியாது.

இவ்வளவு பூவைப் போட்டும் ஏன் வாய் கோணவில்லை என்று கேட்டேன். பையன் காய்ச்சும் வரிசையைச் சொன்னான். ஹாப்ஸைக் கொதிக்கிற அண்டாவில் ஒரு மணி நேரம் வேகவிட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியில் போகும். ஆகவே இவர்கள் அடுப்பை அணைத்த பிறகு போடுகிறார்கள். ஆறி, ஈஸ்ட் போட்டுப் புளித்த பிறகு இன்னொரு முறை குளிர்ச்சியிலேயே போடுகிறார்கள். நான் சொன்னேன், "இதுல என்னடா புதுசு? ரசம் நுரைச்சு வந்ததும் இறக்கிடணும். கொத்தமல்லியை அப்புறம்தான் கிள்ளிப் போடணும். ரசத்தைக் கொதிக்க விட்டவ வீட்டுல யாரு சாப்பிடுவா?" அவன் தன் நண்பர்களுக்கு இதைச் சொல்வதாகச் சொன்னான். சொல்லியிருப்பானா தெரியாது.

பூவை இவ்வளவு போட்டதன் கோளாறும் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. கால் டம்ளர் போன பிறகு தொண்டையில் ஒரு கரகரப்பு. பச்சைக் கொத்தமல்லித் தண்டை மென்று விழுங்கிய மாதிரி. வாய் சீக்கிரம் களைத்துவிடுகிறது. ஒன்றுக்கு மேல் இரண்டாவது டப்பாவை ரசித்துக் குடிக்கிறவர்கள் இருந்தால் அவர்கள் நாக்கு வேறு செய்கை. தொட்டுக்கொள்ளப் பெரியப்பா மண்ணோடு பிடுங்கி உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை வைத்திருந்தார். எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அந்த உப்பும் கடலையின் மாவுத்தன்மையும் கரகரப்பைத் துடைத்துவிட்டன. பாதி டம்ளருக்குப் பிறகு நான் பீருக்குக் கடலையா கடலைக்கு பீரா என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

இப்போது 'ஸ்ட்ராங்' சமாச்சாரம். இந்த பீரில் ஆல்கஹால் 8 சதவீதம். 473 மில்லியில் 8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 30 கிராம் சுத்த ஆல்கஹால். மருத்துவர்கள் 10 கிராமை ஓர் அளவு என்று கணக்கு வைக்கிறார்கள், அப்படிப் பார்த்தால் ஒரு டப்பா மூன்று அளவு. கயிற்றுக் கட்டில் எதற்கென்று புரிந்திருக்கும்.

ஆனால் 8 சதவீதம் நமக்கு ஒன்றும் புதிதில்லையே. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி 5 சதவீதம் வரை சாதா பீர், அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். டாஸ்மாக் வாசலில் "ஒரு ஸ்ட்ராங்" என்று கேட்கிறவருக்கு 650 மில்லி பாட்டிலில் அதுதான் கிடைக்கிறது. இந்தியாவில் விற்கிற பீரில் பெரும்பங்கு அதுதான். எண் ஒன்று, பொருள் வேறு. நம்முடைய ஸ்ட்ராங்கில் அந்த எட்டு எதற்கு இருக்கிறது? போதைக்கு. அதை யாரும் மோந்து பார்ப்பதில்லை, மோந்து பார்த்தால் குடிக்கவும் மாட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயம் மாதிரி இறக்கிவிட்டு ஊறுகாயை நக்குவதுதான் முறை. இந்தக் கலங்கலில் எட்டு இருப்பது வேறு காரணத்துக்காக. அவ்வளவு பூவின் எண்ணெயையும் கசப்பையும் தாங்கி நிற்கக் கீழே தானியம் பலமாக இருக்க வேண்டும். தானியம் கூடினால் சர்க்கரை கூடும், சர்க்கரை கூடினால் ஆல்கஹால் கூடும். கோபுரம் உயர்ந்தால் கடைக்கால் ஆழமாவது போல.

நாம் ஏன் இப்படிக் குடிக்கிறோம் என்று யோசிக்க அன்றைக்கு ராத்திரி நேரம் இருந்தது. பெரியப்பாதான் கிளப்பிவிட்டார். இரண்டாவது மடக்கு இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, "நம்ம கள்ளு மாதிரிதான்டா. அது இன்னும் கொஞ்சம் வெளுப்பு" என்றார்.

எனக்குப் பொட்டில் அடித்தது போல இருந்தது. கலங்கலாக இருக்கிற, புளிப்பும் இனிப்பும் வாசனையும் உள்ள, அன்றன்றைக்கே குடித்தாக வேண்டிய ஒரு பானம் எங்களிடமே இருந்ததே! பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். மரத்திலிருந்து இறக்குவதற்குள்ளேயே காற்றிலுள்ள ஈஸ்டும் பாக்டீரியாவும் வேலையை ஆரம்பித்துவிடும். கள்ளின் வெண்மை அந்த நுண்ணுயிர்கள் மிதப்பதால் வருவது, பீரின் கலங்கல் புரதத்தால் வருவது, அந்த அளவில் இரண்டும் வேறுதான். ஆனால் விதி ஒன்று: காலைக் கள் இனிப்பு, சாயங்காலக் கள் புளிப்பு, மறுநாள் கள் காடி.

பெரியப்பா தன் வயதைத் தமிழ்நாட்டு மதுவிலக்கை வைத்தே எண்ணுவார். ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939-இல் எங்கள் பழைய வட ஆற்காட்டுக்கு வந்தது. 1948-இல் மாகாணம் முழுக்க. அதற்கு முன் அவர் தாத்தா குடித்தார், அதற்குப் பின் அவர் அப்பா ஒளிந்து குடித்தார். 1971-இல் கருணாநிதி ஆட்சியில் கடை திறந்தபோது இவர் இளவட்டம். மூன்று வருஷத்தில் மூடினார்கள். 1981-இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1987 தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. கள்ளுக்கு அந்தத் தடை இன்றுவரை நீங்கவில்லை. 1983-இல் உருவான டாஸ்மாக் 2003-லிருந்து சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. சொன்னால் விளங்காத ஒரு வேடிக்கை இதில் இருக்கிறது. திறந்து மூடித் திறந்து மூடி, கடைசியில் சட்டப்படி நமக்கு மிஞ்சியது பாட்டிலில் அடைத்த போதை மட்டும். மரமேறியைத் தெரிந்து, அவர் மரத்தைத் தெரிந்து, எந்தக் கொல்லைக் கள் இனிக்கும் எது புளிக்கும் என்று பேசிக்கொண்டிருந்த நாக்கு போய்விட்டது. குடி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. குடியால் கெட்ட குடும்பம் எங்கள் தெருவிலேயே மூன்று. ருசி பார்த்துக் குடிக்கிறவன் மெதுவாகக் குடிப்பான் என்பதை மட்டும் அன்றைக்கு என் கண்ணெதிரே பார்த்தேன். 82 வயது மனிதர் ஒரு டம்ளரை ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

இன்னும் பின்னால் போகலாம். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சங்க இலக்கியத்தில் விலாசமே உண்டு. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது, செங்கத்து நன்னனிடம் பரிசு வாங்கப் போகிற கூத்தர்களுக்கு வழி சொல்வது. அதில் வருகிற நவிரமலைதான் இன்றைய பர்வதமலை என்கிறார்கள். போகிற வழியில் மலைவாசிகள் மூங்கில் குழாயில் விளைய வைத்த தேன் கள்ளைக் கூத்தர்களுக்குக் கொடுப்பார்கள் என்று பாட்டு நம்பிக்கை சொல்கிறது. அதே பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை காஞ்சித் தொண்டைமானைப் பற்றியது, அதில் ஒரு செய்முறைக் குறிப்பே இருக்கிறது. அரிசியைக் களியாக வேகவைத்து, தட்டில் பரப்பி ஆற்றி, முளைகட்டிய தானிய மாவைச் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் புளிக்கவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவது. முளை, மாவு, புளிப்பு. இதை இன்றைக்கு பெங்களூரில் ஒரு அண்டாக்காரரிடம் கொடுத்தால் அரிசி பீர் என்பார். விரலால் பிழிந்த அது எப்படி இருந்திருக்கும்? கலங்கலாகத்தான்.

ஆனால் ஒன்று, சங்கத் தமிழன் தெளிந்ததையும் மதித்தான். 'தேறல்' என்ற சொல்லே தெளிந்த கள் என்ற பொருளில் வருவது. தேறுதல் என்றால் தெளிதல். பரீட்சையில் தேறினான் என்று சொல்கிற ஊரில் கலங்கலுக்கு மரியாதை கிடைப்பது கஷ்டம்தான். பெரியப்பா முதலில் "கெட்டுப் போச்சா" என்று கேட்டதில் இரண்டாயிரம் வருஷ வாசனை இருக்கிறது.

இன்னொரு கூத்து, இந்த பீரின் பெயரிலேயே நாம் இருக்கிறோம். ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல். லண்டனில் போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் மதுவாலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் புறப்படுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் மதராஸுக்கும் வந்தது. ஹாப்ஸ் தூக்கலாகப் போட்டால் கெடாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆப்பிரிக்காவைச் சுற்றி நாலைந்து மாசம் வெப்பத்தில் ஆடிக்கொண்டு வந்ததில் அது முதிர்ந்து இன்னும் ருசியானது. 1820-களில் பர்ட்டன் ஊர் ஆல்சாப் போட்டிக்கு வந்தார். மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையில் எகிறிக் குதித்துப் பீப்பாய்களைக் கரை சேர்க்கும். தள்ளியதும் துழாவியதும் எங்கள் ஆட்கள், குடித்தது துரைமார். அந்த ஐபிஏ கடலில் கிடந்து பழசானால் நல்லது என்றிருந்தது. அதன் அமெரிக்கப் பேரப்பிள்ளை ஒரு மாசம் தாண்டினால் வீண் என்கிறது. பேரைத் தவிரக் குடும்ப ஜாடை ரொம்ப இல்லை.

அந்தப் பேரப்பிள்ளை பிறந்த கதையும் சுவாரசியம். ஜான் கிம்மிச், ஜென் கிம்மிச் தம்பதி 2003-இல் வெர்மான்ட் மாநிலத்தில் வாட்டர்பரி என்ற சின்ன ஊரில் 'தி ஆல்கமிஸ்ட்' என்று ஒரு குடிக்கடை வைத்தார்கள். அங்கே ஜான் வடிகட்டாமல் ஒரு பீர் ஊற்றினார். கலங்கல் என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள், மூக்கை வைத்தவர்கள் திரும்பி வந்தார்கள். இவர் பயன்படுத்துகிற ஈஸ்டுக்குக் கோனன் என்று பெயர், புளிக்கும்போது அதுவே பீச் பழ வாசனை தரும். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் கடையை மூழ்கடித்துவிட்டது. அதே நாட்களில்தான் மேட்டில் கட்டியிருந்த டப்பா அடைக்கிற ஆலை தயாராகியிருந்தது. கடை போய் டப்பா பிழைத்தது. அந்த டப்பாவின் புகழ் அமெரிக்கா முழுக்கப் போய் ஒரு வகையையே உண்டாக்கிவிட்டது. 2018-இல் அமெரிக்கக் காய்ச்சுநர்கள் சங்கம் கலங்கலுக்கென்று தனி வகைகளை அறிவித்தது. அதுவரை போட்டிக்குப் போனால் குற்றமாக இருந்தது, அன்றிலிருந்து தகுதி.

மூன்று டப்பாதான் திறந்தோம். எனக்கு ஒன்று அதிகமாகவே இருந்தது. கடைசிக் கால் டம்ளரில் குளிர் போய், ஆல்கஹால் சூடு தனியாகத் தலை நீட்டியது. பையன் அதுதான் நல்ல கட்டம் என்றான், எனக்கு இல்லை. பெரியப்பா தன் பங்கில் பாதியைக் குடித்து மீதியைப் புங்க மரத்துக்கு ஊற்றினார். "போதும்டா, இது சாப்பாடு மாதிரி கீது."

ராத்திரி நல்ல தூக்கம். விடியற்காலம் எழுந்து வாய் கொப்பளிக்கத் தொட்டிக்குப் போனேன். வடக்கே பர்வதமலை மூட்டத்துக்குள் இருந்தது. கிழக்கே திரும்பினால், இவ்வளவு தூரம் வந்தும், அடிவானத்தில் நீலமாக ஒரு திட்டு. அதுதானா, மேகமா என்று சரியாகத் தெரியவில்லை. பையனிடம் காட்டவில்லை. அக்காவிடம் சொல்லப்போவதும் இல்லை.

நாலாவது டப்பாவைப் பெரியப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். "இருக்கட்டும், யார்னா வந்தா காட்டலாம்." பையன் சீக்கிரம் குடிச்சிடுங்க தாத்தா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

மூன்று மாசம் கழித்துப் பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. வழக்கமான விசாரிப்பு, மழை, மோட்டார் காயில் எரிந்தது, கடலை விலை எல்லாம் முடிந்து, வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது சொன்னார்:

"அந்த நாலாவதை நேத்து தொறந்தேன்டா."

"எப்படி இருந்தது பெரியப்பா?"

"நெறம் கறுத்துப் போச்சு. மாங்காப் பால் வாசனையே இல்ல. நனைஞ்ச அட்டப்பெட்டி மாதிரி அடிக்குது." காற்று பட்டுக் கெட்ட பீருக்கு நிபுணர்கள் சொல்கிற அதே உவமை. நான் வாயடைத்து நின்றேன். "மறுநாள் கள்ளுடா அது. ஊத்திட்டேன்" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, பெரியம்மா பக்கத்தில் இருந்தாள் போல, கேட்டார்:

"பையன் பொங்கலுக்கு வரானா?"